காற்று மறைவுக்கு முன் நின்ற படகு

அநியாயம் நடந்தது இசக்கித்தாய்க்கு. வெண்மணல்துறை துறைமுகத்தின் ரேடியோ அறையில் வேலை பார்ப்பவள் அவள். சாகக் கிடந்தவர்களைக் காப்பாற்றப் போன படகைத் தடுத்தவள் என்று கரை முழுக்கப் பேசினார்கள். பேசியதோடு விட்டார்களா? உயிர் தப்பிய மாலுமிகளுக்காக மாதா கோவில் மண்டபத்தில் கூட்டம் போட்டு, படகுக்காரர்களுக்கும் இழுவைக் கப்பல்காரர்களுக்கும் சால்வை போர்த்தினார்கள். அவளுக்கு ஒரு நாற்காலிகூடக் காட்டவில்லை. தூணோரம் நின்றுகொண்டிருந்தாள். அன்றைக்குக் குரலாக மட்டும் கேட்ட மனிதர்களின் முகத்தை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்றுதான் வந்திருந்தாள்.

நடந்ததைக் கேளுங்கள். பிறகு நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நைட்ரிக் அமிலம் ஏற்றி வந்த டேங்கர் கப்பல் ஒன்று நடுக்கடலில் இயந்திரம் நின்று, காற்றுக்குக் குறுக்காகக் கிடந்து இரண்டு பக்கமும் சாய்ந்து ஆடியது. முன்தளத்தில் குழாய் உடைந்து, அமிலம் கொட்டிய இடத்திலிருந்து செம்பழுப்பு நிறத்தில் நச்சுப் புகை கிளம்பியது. உயிர்காப்புப் படகை இறக்கப் பார்த்தார்கள், கொக்கி சிக்கிக்கொண்டது. பதினேழு பேரும் கப்பலின் பின்கோடியில் ஒண்டிக்கொண்டு ரேடியோவில் கதறினார்கள்.

பக்கத்தில் இருந்தது சந்தியாகுவின் விசைப்படகுதான். கடலில் ஒருவர் கூப்பிட்டால் ஏன், என்ன என்று கேட்காமல் போவது அந்தக் கரையின் வழக்கம். சந்தியாகு வலையை அறுத்து விட்டுவிட்டுப் படகைத் திருப்பினார்.

"எந்தப் பக்கமா போறீங்க அண்ணாச்சி?" என்று ரேடியோவில் கேட்டாள் இசக்கித்தாய்.

"இது என்ன கேள்வி தாயி? காத்து மறைவுலதான்."

அவர் சொன்னதில் பிழை இல்லை. மறைவுப் பக்கத்தில் கப்பலே சுவராக நின்று அலையைத் தடுக்கும். எதிர்ப்பக்கம் போனால் அலை படகைத் தூக்கிக் கப்பலில் அறைந்துவிடும். பெரிய கப்பலை எந்தப் படகுக்காரரும் அப்படித்தான் அண்டுவார். ஆனால் இந்தப் புகை காற்றைவிடக் கனமானது. தளத்திலிருந்து வழிந்து, அதே மறைவுப் பக்கத்தில்தான் தண்ணீர்மீது படியும்.

"நில்லுங்க அண்ணாச்சி. கிட்டப் போகாதீங்க. கேக்குதா?"

ரேடியோவில் ஒரு கட்டளை வந்தால் "கேட்டுச்சு" என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. சந்தியாகு சொல்லவில்லை. அவள் மறுபடி கேட்டாள், மறுபடியும் கேட்டாள். இரைச்சல்தான் வந்தது. படகு நின்றதா, புகைக்குள் போய்விட்டதா? தெரியாமலே அடுத்த வேலையைப் பார்த்தாள்.

துறைமுகத்திலிருந்து இழுவைக் கப்பலை ஓட்டிவந்த சதக்கத்துல்லாவிடம், டேங்கரின் பின்புறத்தில் வடம் போட்டு, அந்தப் பக்கம் காற்றைப் பார்க்கும்படி இழுக்கச் சொன்னாள். அவர் முகமூடியை மாட்டிக்கொண்டு நெருங்கினார். டேங்கர் மெல்லத் திரும்பியது. மாலுமிகள் இருந்த பக்கம் நல்ல காற்று வந்தது. புகை முன்பக்கமாக ஓடியது. ஆனால் வடத்தைத் தளர்த்தினால் கப்பல் பழையபடி திரும்பிவிடும். இழுவைக் கப்பல் அசைய வழியில்லை.

"இப்பப் போங்க அண்ணாச்சி!"

படகு நின்றுதான் இருந்தது. சந்தியாகு பின்புறமாகப் புகுந்து, பதினேழு பேரையும் இறக்கிக்கொண்டார். காத்திருந்த நேரத்தில் சுழன்றடித்த புகையை விழுங்கிய கப்பல் சமையற்காரர் மட்டும் ஆஸ்பத்திரியில் இன்னும் இருமிக்கொண்டிருக்கிறார்.

கூட்டத்தில் மாலுமிகள் ஊரார் கொடுத்த இரவல் சட்டையும் கைலியுமாக உட்கார்ந்திருந்தார்கள். சோறு போட்டவர்களையும் துணி கொடுத்தவர்களையும் பார்த்துப் பார்த்துக் கும்பிட்டார்கள். கேப்டன் குரியன் எழுந்தார். கையில் கப்பலின் பெயர் எழுதிய மிதவை வளையம்.

"எங்க கப்பல்லேர்ந்து கூட வந்தது இது ஒண்ணுதான். யாரு இல்லேன்னா நாங்க இல்லையோ, அவங்களுக்கு இது."

"அப்ப எங்க சந்தியாகு அண்ணனுக்குத்தான்! தூக்கி இறக்குனது யாரு கை?" என்றான் படகில் வேலை செய்யும் பிரகாசி.

"கப்பலத் திருப்பாட்டா உங்க கை எட்டியிருக்குமா வே?" என்றார் இழுவைக் கப்பல்காரர் ஒருவர்.

கேப்டன் தயங்கினார். "ரேடியோவில ஒரு பொண்ணு பேசிச்சே..."

"அவளா?" பிரகாசி தூணைப் பார்த்துச் சிரித்தான். "ஏசி ரூம்ல இருந்துட்டு எங்களப் போகாதன்னவ. எங்க கண்ணு முன்னாடி, அந்த மறைவுத் தண்ணியில, கடல்காக்கா எல்லாம் சொகமா மெதந்துகிட்டு கெடக்கு. நாங்க போனா மட்டும் செத்துருவமாம்! அந்தச் சமையல்காரரு இருமுறது யாரால?"

மண்டபம் அவள் பக்கம் திரும்பியது.

வழக்கத்தை மீறாமல் ஓடிவந்தவர் சந்தியாகு. புகையோரம் போய் வடம் போட்டவர் சதக்கத்துல்லா. காப்பாற்றப் போனவரைத் தடுத்தவள் இசக்கித்தாய். இதில் யார் செய்தது சரி? அந்த வளையம் யாருக்கு?

விடையைச் சொன்னது சந்தியாகுதான். "லேய் பிரகாசி, திரும்பி வரும்போதும் அந்தக் காக்கா எல்லாம் அங்கனயேதான் கெடந்துச்சு. தலை தண்ணிக்குள்ள. நீங்க பயந்துருவீங்கன்னு சொல்லல. அந்த எடத்துக்குத்தான் நான் உங்களக் கூட்டிட்டுப் போயிருப்பேன். நாம விழுந்திருந்தா, வடத்தப் புடிச்சிருந்தவரு விட்டுட்டு வந்திருக்க முடியுமா? இவங்கள யாருலே இறக்கியிருப்பா?" முடியாது என்று சதக்கத்துல்லா தலையசைத்தார். கேப்டனிடமிருந்து வளையத்தை வாங்கிக்கொண்டு சந்தியாகு தூணருகே வந்தார். அதை இசக்கித்தாயின் கையில் வைத்து, அன்றைக்குச் சொல்லாமல் விட்ட பதிலைச் சொன்னார்:

"கேட்டுச்சு, தாயி."