ஒத்தைக் குரல்

பாளையங்கோட்டையில் நாடகக் குழு நடத்தி வந்தாள் திருமேனி. அவளிடம் நடிப்புக் கற்க வந்தவர்களில் கோமதிநாயகம்தான் மூத்தவர். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவளைவிட இருபது வயது பெரியவர். ஆனாலும் அவளை டீச்சர் என்றே அழைப்பார். அவள் அவரை அண்ணாச்சி என்பாள்.

புதிய நாடகத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பன் வேஷம் ஒன்று இருந்தது. கோமதிநாயகம் அதைக் கேட்டார்.

திருமேனி தயங்கினாள். அவருடைய ஒரே மகள் சங்கரி காய்ச்சலில் போய் ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது.

"இந்த வேஷம் எதுக்கு அண்ணாச்சி?"

"அவ முகம் இருக்கு டீச்சர். வீட்டுல படம் மாட்டியிருக்கேன். குரல்தான் மறந்துபோச்சு. எவ்வளவு நெனைச்சுப் பாத்தாலும் வரமாட்டேங்கு."

திருமேனி வேஷத்தைக் கொடுத்தாள்.

செத்தவர்கள் ஒரு முறைதான் கூப்பிடுவார்கள் என்று அந்தப் பக்கத்தில் ஒரு நம்பிக்கை உண்டு. உயிரோடு இருப்பவர்கள் மறுபடியும் கூப்பிடுவார்கள். ஒத்தைக் குரலுக்குப் பதில் சொன்னவர் கூடவே போய்விடுவார். நாடகம் அதைப் பற்றியது. கடைசிக் காட்சியில், சாத்திய கதவுக்கு அப்பால் மகளின் குரல் 'அப்பா' என்று ஒரே ஒரு முறை கேட்கும். தகப்பன் பதில் சொல்ல வாயெடுப்பான். அவனுடைய தம்பி பாய்ந்து வந்து வாயைப் பொத்துவான். விளக்கு அணையும்.

மகளின் குரல் பொன்மலர் என்ற பெண்ணுடையது. ஒத்திகையில் அவள் கூப்பிடும்போது வேலையாக நிற்பவர்கள்கூட அப்படியே நின்றுவிடுவார்கள்.

நாடகத்துக்கு முந்தின நாள் கோமதிநாயகம் திருமேனியிடம் வந்தார். முகம் வாடியிருந்தது.

"பொன்மலர் நல்லாத்தான் கூப்பிடுதா டீச்சர். குத்தம் சொல்லலை. ஆனா அந்தக் குரல் என் காதுல வந்து உக்காந்துக்கிடுது. மிச்சம் மீதி இருந்ததும் போயிரும் போல இருக்கு."

"ம்."

"செத்தவங்க வருவாங்களா? நீங்க எழுதுன நாடகம்தானே. உங்களுக்குத் தெரியாதா?"

திருமேனி கையிலிருந்த நாடகப் பிரதியை மூடினாள்.

"நாளைக்குச் சீக்கிரம் வந்துருங்க அண்ணாச்சி. வேஷம் போட நேரமாகும்."

அவர் போய்விட்டார். அவளுக்கு மனசு கஷ்டமாக இருந்தது.

மறுநாள் மாலை அரங்கு நிறைந்திருந்தது. நாடகம் தொடங்கிய சிறிது நேரத்தில் பேச்சுச் சத்தம் அடங்கியது. மேடையிலிருந்த கதவு ஒவ்வொரு முறை அசைந்தபோதும் ஜனங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

கடைசிக் காட்சி வந்தது. கோமதிநாயகம் கதவைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தம்பியாக நடித்த சுடலைமுத்து ஒரு ஓரத்தில் நின்றான். இந்த இடத்தில்தான் குரல் வரவேண்டும்.

வரவில்லை.

சுடலைமுத்து திரைமறைவைப் பார்த்தான். திருமேனி அங்கே நின்றிருந்தாள். அசையாதே என்று அவனுக்குக் கையைக் காட்டினாள்.

அரங்கில் ஒருவரும் அசையவில்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று அத்தனை பேரும் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மின்விசிறிகள் சுற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு அதுவும் காதில் விழாமல் போனது.

கோமதிநாயகத்தின் தலை நிமிர்ந்தது.

சங்கரி வேலைவிட்டு வந்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கூப்பிடுவாள். 'அப்பா' என்று முழுசாகச் சொல்லமாட்டாள். அவசரத்தில் முதல் எழுத்தை விழுங்கிவிடுவாள். பாதி மூக்கால் வருகிற குரல்.

அது கேட்டது.

பொத்துவதற்கு யாருடைய கையும் அவர் வாய்மேல் இல்லை.

"இந்தா வாறேன்ட்டி," என்றார்.

நாடகத்தில் இல்லாத வசனம் அது. சுடலைமுத்து திகைத்து நின்றான்.

அப்போது அரங்கின் நடுவிலிருந்து ஒரு பெண்ணின் குரல் வந்தது. "என்னய்யா ராசா? அம்மா இங்கதான் இருக்கேன்."

பின்வரிசையில் ஓர் ஆள் எழுந்து நின்றார். "சொல்லுண்ணே," என்றார். வேறொரு மூலையில் யாரோ, "வந்துட்டேன், வந்துட்டேன்," என்று மெதுவாகச் சொன்னார்கள். பதில் சொல்லக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் இருட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பதில்கள் எழுந்துகொண்டே இருந்தன. யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

திருமேனி விளக்கை அணைக்கச் சொன்னாள்.

கூட்டம் கைதட்டாமல் கலைந்தது. வெளியே போகும்போது முன்பின் தெரியாதவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கி நின்றார்கள்.

கோமதிநாயகம் வேஷத்தைக் கலைக்காமல் திருமேனியிடம் வந்தார். முகம் தெளிந்திருந்தது.

"பொன்மலர் கூப்பிடவே இல்லைன்னு சொல்லுதா டீச்சர்."

"ஆமா. நான்தான் வேண்டாம்னேன்."

"எனக்குக் கேட்டுது. அவளேதான். சபையில அத்தனை பேருக்கும் கேட்டிருக்கு. என்ன செஞ்சிய?"

"ஒரு குரலை நிறுத்தி வச்சேன் அண்ணாச்சி," என்றாள் திருமேனி. "வேற ஒண்ணும் செய்யலை."