வாசலில் சொன்ன 'போதும்'

முன்னொரு காலத்தில், மழை மூன்று வருஷமாக எட்டிக்கூடப் பார்க்காத ஒரு தேசத்தில் ஒரு ராஜா இருந்தார். எந்தத் தேசம், எந்த ராஜா என்று என்னைக் கேட்காதீர்கள். சொன்னால் எனக்கும் வம்பு, கேட்ட உங்களுக்கும் வம்பு.

அந்த ராஜா ஒருமுறை பக்கத்துத் தேசத்துக் கல்யாணத்துக்குப் போனார். அங்கே பரிமாறுகிறவர்கள் லேசில் விடவில்லை. ராஜா இலைக்கு மேலே இரண்டு கையையும் குறுக்கே நீட்டி, "போதும், போதும்!" என்று கத்தின பிறகுதான் நகர்ந்தார்கள். அந்த உபசாரம் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பல்லக்கில் சாய்ந்து ஏப்பம் விட்டுக்கொண்டே ஊர் திரும்பியவர், இறங்கியதும் ஓர் ஆணை போட்டார்: "நம் தேசத்தில் ஊருக்கு ஊர் கஞ்சித் தொட்டி திறக்க வேண்டும். குடிப்பவர் தம் வாயால் போதும் என்று சொல்லாமல் அகப்பை நிற்கக் கூடாது." அதைக் கல்லில் வெட்டியும் வைத்தார்கள். நல்ல ஆணைதான், யார் இல்லை என்றது?

நிறைவேற்றுகிற பொறுப்பு பிரதானி திருமேனிநாதர் கைக்கு வந்தது. மனிதர் படு கெட்டிக்காரர். ஆணையில் ஓர் எழுத்தையும் மீறவில்லை. போதும் என்று சொல்ல வேண்டும் என்றுதானே கல்லில் இருக்கிறது, எப்போது சொல்ல வேண்டும் என்று இல்லையே? ஆகவே வாசலிலேயே சொல்லிவிட வேண்டும் என்று வைத்துவிட்டார். சொன்னால்தான் உள்ளே விடுவார்கள். உள்ளே போனால் ஒரே ஓர் அகப்பை. மிச்ச அரிசி எங்கே போயிற்று என்கிறீர்களா? பிரதானி அந்த வருஷம் புதிதாக இரண்டு களஞ்சியம் கட்டினார், எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தினமும் சாயங்காலம் சபைக்கு வந்து, "பிரபு, இன்றும் வந்தவர் அனைவரும் தம் வாயாலேயே போதும் என்றார்கள்" என்பார். ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துபோகும்.

அந்தச் சபையில் ஒச்சப்பன் என்று ஒரு விகடன் இருந்தான். ராஜாவைச் சிரிக்க வைப்பதுதான் அவன் உத்தியோகம். ஒருநாள் காலையில் கஞ்சித் தொட்டி வழியாகப் போனவன், வாசலில் சத்தம் கேட்டு நின்றான். பிள்ளை பெற்று ஒரு மாதம்கூட ஆகாத ஒருத்தி, இடுப்புத் துணியில் குழந்தையைக் கட்டிக்கொண்டு, கையில் கலயத்தோடு காவல்காரனிடம் மல்லுக்கு நின்றாள். பூவாயி என்று பெயர்.

"போதும்னு சொல்லு."

"இன்னும் குடிக்கவே இல்லையே சாமி?"

"சொல்லிட்டுக் குடி. பின்னால எத்தனை பேரு நிக்கிறாங்க பாரு. சீக்கிரம் சொல்லித் தொலை."

சொல்லித் தொலைத்தாள். ஓர் அகப்பை கஞ்சியோடு வெளியே வந்தவள், பட்டு அங்கவஸ்திரத்தைப் பார்த்ததுமே ஒச்சப்பனை மடக்கிவிட்டாள்.

"நீங்க ராஜா கூடப் பேசுற ஆளுதானே? எனக்கு ஒரு உதவி பண்ணுங்க. இன்னும் ஒரே ஒரு அகப்பை கெடைச்சா பால் ஊறிடும். ரெண்டு நாளா புள்ள காஞ்ச மாரைச் சப்பிச் சப்பிக் கத்துது. இப்பக் கத்தக்கூட மாட்டேங்குது, அதான் பயமா இருக்கு."

"ராஜாகிட்ட என்னன்னு சொல்லட்டும் தாயி?"

"கஞ்சி குடிக்கிற எங்கள்ல ஒருத்தரு அகப்பையப் புடிக்கட்டும். யாரு புடிக்கணும்னு நாங்களே சொல்றோம். அந்த ஆளு தப்புப் பண்ணா நாங்களே எறக்கி விடுறோம். அம்புட்டுத்தான்."

ஒச்சப்பன் நேரே சபைக்குப் போய் அப்படியே சொன்னான். பிரதானிக்கு முகம் சிவந்துவிட்டது. வெகுநாளாகவே அவன்மேல் அவருக்குக் கடுப்பு. ராஜா தம் பேச்சுக்குத் தலையை ஆட்டுகிறார், அவன் பேச்சுக்கு வயிறு குலுங்கச் சிரிக்கிறார் என்ற பொறாமை.

"பிரபு! கல்லில் பொறித்த ஆணையை இவன் பழிக்கிறான். கஞ்சித் தொட்டியில் குடித்தும் போதும் என்று சொல்லாதவர் ஒரே ஒருவரை இவன் சபைக்கு அழைத்து வரட்டும். நான் பதவியைத் துறக்கிறேன். தவறினால் இவனை மொட்டையடித்து, கழுதைமேல் ஏற்றி, எல்லைக்கு அப்பால் விரட்ட உத்தரவிட வேண்டும்."

"நியாயமான பேச்சு," என்றார் ராஜா. "ஒச்சப்பா, அழைத்து வருகிறாயா?"

சொல்லாதவருக்குத்தான் கஞ்சியே கிடையாதே, எங்கே போய் அழைத்து வருவது! ஒச்சப்பன் கும்பிட்டான்.

"அப்படி ஒருவரும் இல்லை பிரபு. எல்லாரும் சொன்னது சத்தியம். எப்படிச் சொன்னார்கள் என்று மட்டும் காட்டுகிறேன். நாளை தங்கள் பிறந்தநாள் விருந்தில் பரிமாறும் பொறுப்பை அடியேனிடம் விடுங்கள்."

வேடிக்கை என்றால் ராஜாவுக்கு உயிர். தண்டனைப் பேச்சை அப்போதைக்கு ஒத்திவைத்து, சரி என்றுவிட்டார்.

மறுநாள் பூஜை முடியும்வரை ராஜா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. உச்சிவேளைக்கு, கொலைப் பசியோடு சபை பரிவாரமெல்லாம் விருந்து மண்டபத்துக்கு வந்தது. உள்ளேயிருந்து நெய் வாசனை ஆளைத் தூக்கியது. வாசலில் ஒச்சப்பன் காவல்காரன் தலைப்பாகையோடு நின்றுகொண்டிருந்தான்.

"பிரபு, இன்று ஒரு சம்பிரதாயம். போதும் என்று சொல்லிவிட்டு நுழைய வேண்டும்."

"இவ்வளவுதானே? போதும்!" என்று சிரித்துக்கொண்டே ராஜா உள்ளே போனார். பின்னால் வந்தவர்களும் சொன்னார்கள். பிரதானிக்கு மட்டும் சட்டென்று புரிந்துவிட்டது. முகம் வெளுத்தது. ராஜாவே சொன்னபிறகு தாம் சொல்லாமல் இருக்க முடியுமா? அவரும் சொன்னார்.

இலை போட்டார்கள். ஒச்சப்பன் கஞ்சித் தொட்டியிலிருந்தே கொண்டுவந்த கஞ்சியைத் தொன்னைக்கு ஓர் அகப்பை ஊற்றிக்கொண்டே போனான். அந்தக் கோடியில் வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கைகட்டி நின்றான். ராஜா ஒரு வாய் குடித்துப் பார்த்தார். உப்பும் இல்லை, பருக்கையும் இல்லை.

"அடுத்து என்ன?"

"அடுத்து இல்லை பிரபு. தாங்கள் போதும் என்று சொல்லிவிட்டீர்கள்."

"அடேய், அது வாசலில் சொன்னது!"

"அங்கேயும் வாசலில்தான் பிரபு சொல்கிறார்கள்."

ராஜா தொன்னையைப் பார்த்தார், பிரதானியைப் பார்த்தார், ஒச்சப்பனைப் பார்த்தார். அந்த ஒரு நிமிஷம் அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நான் இன்றுவரை நம்புகிறேன். அப்புறம் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தார், விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ராஜா சிரித்தால் சபை சும்மா இருக்குமா? எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் பிரதானி.

"பலே, ஒச்சப்பா! என்னையே மடக்கிவிட்டாய்!" என்று ராஜா தம் கழுத்துத் தங்கச் சங்கிலியைக் கழற்றி அவன் கழுத்தில் போட்டார். "யாரங்கே, பரிமாறுங்கள்!"

உள்ளேயிருந்து விருந்து வந்தது. ஒச்சப்பன் பக்கத்தில் போய்க் குனிந்து, அகப்பையைக் குடிப்பவர்களிடமே விட வேண்டும் என்று பூவாயி கேட்டதை மறுபடி சொன்னான்.

"நல்ல யோசனை," என்றார் ராஜா, வாய் நிறைய லட்டோடு. "பிரதானி, இதை நீரே விசாரித்துச் செய்யும்." அப்புறம் ஒச்சப்பனைப் பிடித்துத் தம் பக்கத்திலேயே உட்கார வைத்தார். அவன் இலையிலும் போட்டார்கள்.

மறுநாள் காலையில் ஒச்சப்பன் கஞ்சித் தொட்டிக்குப் போனான். பிரதானி நிஜமாகவே செய்து முடித்திருந்தார். காவல்காரனுக்குப் பக்கத்தில் புதுப் பாய் விரித்து ஒரு குண்டு ஆள் உட்கார்ந்திருந்தான். பிரதானியின் மைத்துனன். குடிகள் தேர்ந்தெடுத்த அகப்பைக்காரன் அவனேதான். இப்போது வாசலில் இரண்டு சொல்ல வேண்டும். முதலில் "போதும்", அப்புறம் "இவரைத்தான் தேர்ந்தெடுத்தேன்". ஐயோ, இந்த மூளையை தண்ணீர் தேடுவதற்குச் செலவழித்திருந்தால் அந்தத் தேசம் எங்கேயோ போயிருக்கும்!

வரிசையில் பூவாயி நின்றாள். குழந்தை அசையாமல் கிடந்தது. உயிர் இருந்தது.

"ராஜா என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு."

"அப்புறம்?"

"சாப்பிட்டாரு. எல்லாரும் சாப்பிட்டாங்க."

"நீங்க?"

"நானுந்தான்," என்றான். சங்கிலியைக் கழற்றி அவளிடம் நீட்டினான். "இதை வச்சுக்க தாயி. வித்துக் குடி."

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். "இதை நான் கொண்டு போனா களவாணின்னு புடிச்சுக் கட்டி வைப்பாங்க. நான் உங்களை ஒரு அகப்பை கஞ்சிக்கு அனுப்பினேன். நீங்க உங்களுக்குச் சங்கிலி வாங்கிட்டு வந்திருக்கீங்க."

ஒச்சப்பன் சங்கிலியை மடியில் சொருகினான். பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் வரிசையில் போய் நின்றான். அவள் சொன்னாள், வாங்கினாள், தள்ளி நின்றாள். அடுத்து அவன் முறை வந்தது.

காவல்காரன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். "ஐயா, இங்கயும் விகடமா? சரி, சொல்லுங்க."

ஒச்சப்பன் சொன்னான். மைத்துனனைப் பார்த்து இரண்டாவதையும் சொன்னான். வாங்கின ஓர் அகப்பையைச் சிந்தாமல் கொண்டுவந்து அவள் கலயத்தில் ஊற்றினான். அவள் அங்கேயே நின்று, மூச்சு விடாமல் குடித்தாள். மறுநாளும் அவன் போய் நின்றான். அதற்கு மறுநாளும் நின்றான். நாலாம் நாள் குழந்தை வீரிட்டுக் கத்தியது. வரிசை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

ராஜா அந்த மாதம் அவனை ஏழெட்டுத் தடவை கேட்டார், "ஒச்சப்பா, புதிதாக ஏதாவது சொல்லேன்" என்று. ஒச்சப்பன் எதை எதையோ சொன்னான். காலையில் தான் எங்கே போய் நிற்கிறான் என்பதை மட்டும் சொல்லவே இல்லை. சொன்னால் ராஜா சிரிப்பார்.