தலைகீழ் சுவிட்ச்

கிட்ட வந்து உட்காருங்க, சொல்றேன்.

இயற்பியல் வாழ்நாள் சாதனை விருதை ஆய்வுக்கூட இயக்குநர் அருளானந்தம் தன் பேருக்கே எழுதிக்கொண்டார். விருதுக்குக் காரணமான ஒளிக்கருவியை நாற்பது வருஷம் பாடுபட்டுச் செய்த கோதைநாயகி அம்மாவுக்குக் கடைசி வரிசைதான் கிடைத்தது.

"மேடையில நான் தொட்டதும் எரியணும். இல்லேன்னா உன் வேலை போச்சு!" என்று அட்டெண்டர் சுடலையாண்டியை மிரட்டினார்.

"செஞ்சவங்க கை பட்டா எரியும், ஐயா."

மேடையில் இயக்குநர் முழித்தார். "சுவிட்ச் கீழேதானே இருக்கு, ஏன்யா எரியல?"

சுடலையாண்டி மைக்கைப் பிடித்தார். "செஞ்சவங்களையே கூப்பிடுறேங்க. அம்மா, கொஞ்சம் வாங்க!"

அந்தக் காலத்தில் அம்மா அவசரத்தில் தலைகீழாக மாட்டிய சுவிட்ச் அது; அவருக்கும் சுடலையாண்டிக்கும்தான் அது தெரியும். அம்மா வந்து மேலே தள்ளினார். மண்டபமே வெளிச்சமாகிக் கைதட்டலில் அதிர்ந்தது.

இயக்குநருக்கென்று வாங்கி வைத்த பொன்னாடையைப் பிரித்து, சுடலையாண்டி அம்மாவின் தோளில் போர்த்தினார்.