மாந்தோல் தின்ன கெணறு

ஒரு ஊர்ல ஒரு கெணறு கெட்டுப்போச்சு. மாம்பழ ஜூஸ் கம்பெனிக்காரங்க தோலையும் கொட்டையையும் அதுல கொட்டிக் கொட்டிக் கெடுத்தாங்க. நடந்த தப்பு அவ்வளவுதான். இனிமேத்தான் கதை. நடுவுல கேள்வி கேக்காத. "ம்" மட்டும் சொல்லு.

ம்.

கம்பெனி சின்னது. மொதலாளி பேரு வெங்கட்டப்பன். அவன் வாயில ஒரே வார்த்தை. "சீக்கிரம்!" சீசன்ல இருபது பொம்பளைங்க வரிசையா உக்காந்து பழம் சீவுவாங்க. சரக் சரக் சரக். தோலும் கொட்டையும் கூடைக்குப் போகும். பின்னால தண்ணி வத்துன கெணறு ஒண்ணு. கூடையைத் தூக்கி அதுல கவுக்குறது சென்னப்பன் வேலை. நல்ல பலசாலி. புத்தி கம்மி. அவன் பொண்டாட்டியும் அங்கதான் சீவுறவ.

ஒரு நாள் மத்தியானம். மண்டையப் பொளக்குற வெயில். சென்னப்பன் கூடையைக் கவுத்தான். தொபுக். கெணறு மூச்சு விட்டுச்சு. ஹ்ஹ்ஹா... சூடா. புளிச்ச வாடை. அவன் வெளையாட்டாக் கேட்டான்.

"என்ன, இன்னும் வேணுமா?"

உள்ளேர்ந்து, "ம்."

நீ சொன்னியா? இல்லையா? சரி. அப்போ அதுதான் சொல்லிச்சு.

அப்புறம் தினமும் கேட்டான். தினமும் சொல்லிச்சு. சீவுற பொம்பளைங்களுக்குச் சிரிப்பு. "ஏன்டி, உன் வீட்டுக்காரன் கெணத்தோட குடித்தனம் பண்றானாமே?" அவ சிரிக்கல. வீட்டுல சோத்துல கை வச்சா, கை அப்படியே நிக்குது அவனுக்கு. காதை மட்டும் கம்பெனிப் பக்கம் சாச்சு வச்சிருக்கான்.

அப்புறம் ஒரு காக்கா அந்தக் கெணத்துக்கு மேல தாழப் பறந்துச்சு. றெக்கை நின்னுபோச்சு. தொப். மொதலாளி சொன்னான், "மண்ணைப் போட்டு மூடு." பத்து வண்டி மண்ணு போட்டாங்க. மறுநாள் பாத்தா மண்ணைக் காணோம். தோலுதான் மேல கெடக்குது. பொளக், பொளக்.

அப்புறம் ஒரு ஆடு எட்டிப் பாத்துச்சு. கத்தக் கூட இல்ல. முன்னங்காலு மடங்கிச்சு. தொப். "சுண்ணாம்பைக் கொட்டு." கொட்டினாங்க. புஸ்ஸ்ஸுன்னு நுரை பொங்கி வெளிய வந்துச்சு. கம்பெனி வாசல் வரைக்கும் ஊந்து வந்துச்சு. நின்னுச்சு. அப்புறம் திரும்பிப் போச்சு.

ம்...

பயமா? பயந்தா கண்ணை மூடிக்கோ. காதை மூடாத.

மூணாவதா கல்லுப் பலகை போட்டு அடைச்சாங்க. ரெண்டு நாள் சத்தமே இல்ல. மூணாம் நாள், டமார்! பலகை ரெண்டாப் பொளந்து கெடந்துச்சு.

அப்போ மொதலாளி கத்தினான், "சென்னப்பா, கயித்தைக் கட்டிக்கிட்டு உள்ள எறங்கு. அள்ளி வெளிய போடு. சீக்கிரம்!"

சென்னப்பன் வேட்டியை மடிச்சுக் கட்டிட்டான். பொண்டாட்டி ஓடி வந்தா, கையில கத்தியோட.

"இருய்யா!"

"உள்ள சில்லுன்னு இருக்கும்டி."

"போய்ப் பாத்தியா? யாரு சொன்னா?"

"அதுதான்."

அவ அப்பன் கெணறு வெட்டுனவன். எறங்குறதுக்கு முன்னால வெளக்கை விட்டுப் பாப்பான். இவளும் லாந்தரை ஏத்தி, கயித்துல கட்டி உள்ள விட்டா. ஒரு ஆள் ஆழம் கூடப் போகல. புக். அணைஞ்சுது. மறுபடி ஏத்தினா. புக். மூணாவது தடவையும் புக். அணைஞ்சதுக்கு அப்புறம், கீழேர்ந்து கயித்தை யாரோ லேசா இழுத்தாங்க.

அவ விடல. இழுத்து மேல எடுத்தா.

"வெளக்கே நிக்கல. மனுஷன் நிப்பானா? நீங்க எறங்குறீங்களா மொதலாளி?"

மொதலாளி ரெண்டடி பின்னால போனான்.

அவ கூடையிலேர்ந்து ஒரு தோலை எடுத்து அவன் மூக்குக்கு நேரா நீட்டினா. வெரல் தடிமன்.

"இது தோலா? பாதிப் பழம். நீங்க வெரட்டுறீங்க, நாங்க சதையோட சீவித் தள்ளுறோம். அந்த இனிப்பைத் தின்னுதான் அது புளிக்குது, பொங்குது, மூச்சு விடுது. பட்டினி போடுங்க."

"அப்போ சக்கையை எங்கடி கொட்டுறது?"

"கொட்டவே கொட்டாதீங்க."

அப்புறம் எல்லாரும் நிதானமா சீவினாங்க. தோலு காகிதமா விழுந்துச்சு. பத்துக் கூடை சக்கை நாலு கூடையாச்சு, ஜூஸ் கூடுச்சு. தோலைத் தார்ப்பாயில காயவச்சு மாட்டுக்குப் போட்டாங்க. கொட்டையை ஒடைச்சு, பருப்பை எண்ணெய்க்கு அனுப்பி, மேல் ஓடுகளை அடுப்புல எரிச்சாங்க. பழம் அலசுன கடைசித் தண்ணி, அடுத்த லோடுக்கு மொதத் தண்ணி. கெணத்துக்கு ஒரு நாரு கூடப் போகல.

மொத நாள் கெணறு, "ம்"னுச்சு. ரெண்டாம் நாள், "ம்ம்?" மூணாம் நாள் பச்சப்புள்ள மாதிரி அழுதுச்சு. சென்னப்பன் எந்திரிச்சுட்டான். அவ வேட்டியப் புடிச்சு இழுத்துப் பக்கத்துல உக்கார வச்சு, கையில கத்தியைக் குடுத்தா.

"கூப்பிடுதுடி."

"கூப்பிடட்டும். நீ மெல்லிசா சீவு."

சீவினான். வெரலை வெட்டிக்கிட்டான். ரத்தம் வந்துச்சு. ஆனா எந்திரிக்கல.

அழுகை கொறைஞ்சு மொணகலாச்சு. அப்புறம் அதுவும் இல்ல. அவ வாராவாரம் லாந்தரை விட்டுப் பாத்தா. ஒவ்வொரு வாரமும் இன்னும் ஒரு மொழம் கீழ போய் அணைஞ்சுது. ஐப்பசியில ஒரு நாள் அடிவரைக்கும் போச்சு. அணையல. கருப்பா எருவும், ஆட்டு எலும்பும் தெரிஞ்சுது. அப்பவும் அவ ஒருத்தரையும் எறங்க விடல. மேலேர்ந்தே வாளி விட்டு அள்ளி மாந்தோப்புக்குப் போட்டாங்க.

சென்னப்பன் பொழைச்சுக்கிட்டான்.

என்ன, இன்னும் தூங்கலையா? பொழைக்க வச்சவ பேரா? கதை தீந்துது, கண்ணை மூடு, சொல்றேன்.

மாதம்மா.