கூட ஒரு சொட்டு

குருவுக்கு வயது முப்பத்தாறு, சீடருக்கு ஐம்பத்திரண்டு. பாளையங்கோட்டையில் நுண்ணுயிர் ஆய்வுக்கூடம் வைத்திருக்கும் ஜெபராணியிடம் சுடலைமுத்து உதவியாளராகச் சேர்ந்து ஏழு வருடம் ஆகிறது. அவர் 'மேடம்' என்பார். அவள் 'அண்ணாச்சி' என்பாள்.

பூமியின் கிருமி விண்வெளியில் பிழைக்குமா என்று பார்க்க, போன வருடம் ஐந்து தட்டுகளை விண்கலத்தின் வெளிப்புறத்தில் பொருத்தி அனுப்பினார்கள். தட்டுக்கு ஒரு சொட்டுக் கிருமிக் கரைசல் என்று பேச்சு. வீட்டில் பாலுக்கு உறை ஊற்றிப் பழகிய கை சும்மா இருக்குமா? கடைசித் தட்டில் முதல் சொட்டு காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொன்றை விட்டுவிட்டார் சுடலைமுத்து.

"கூட ஒரு சொட்டு விட்டாத்தான் நல்லா உறையும்னு எம் பொஞ்சாதி பேச்சி சொல்லுவா மேடம்" என்று அசடு வழிந்தார். நன்றாகத் திட்டு வாங்கினார்.

தட்டுகள் திரும்பி வந்தபோது பேச்சி உயிரோடு இல்லை. காய்ச்சலை வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர். பதினொரு நாள் பக்கத்தை விட்டு நகராமல் பார்த்துக்கொண்டவள் அவள். அவர் எழுந்தார், அவள் படுத்தாள். அன்றிலிருந்து மகள் கட்டிக்கொடுக்கும் சாப்பாட்டு டப்பா பாதி நாள் திறக்காமலே வீடு திரும்புகிறது. பாவம், ஆள் துரும்பாகிவிட்டார்.

நான்கு தட்டுகளில் எல்லாம் செத்திருந்தன. ஐந்தாவதில் ஓரமாகச் சுரண்டிச் சாயம் போட்டு நுண்ணோக்கியில் பார்த்த ஜெபராணி, "அண்ணாச்சி, இங்க வாங்க" என்றாள்.

செத்தது சிவப்பாகத் தெரியும், உயிருள்ளது பச்சையாக. மேலே முழுக்கச் சிவப்பு. அடியில் மெல்லிசாகப் பச்சை.

"ரெண்டும் ஒரே குப்பியில எடுத்ததுதான மேடம்? இது மட்டும் எப்படிப் பொழச்சுது?"

"மேல உள்ளது வெயிலை வாங்கிக்கிட்டுது."

"செத்ததும் உதிர்ந்து போயிருக்கணுமே?"

"போகல. செத்த பிறகும் மூடிக்கிட்டுத்தான் இருந்திருக்கு."

நுண்ணோக்கியிலிருந்து முகத்தை எடுக்காமலே சுடலைமுத்து கேட்டார்.

"இப்படிப் பொழச்சு என்ன பிரயோசனம் மேடம்? அதுகூடவே போயிருக்கலாம்."

ஜெபராணி வாசல் மேசையில் மூடியபடி இருந்த டப்பாவைப் பார்த்தாள். பிறகு, கிருமிக்கு உணவாகும் கரைசலை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அது ஒரு வருசம் வெயில்ல நின்னது, இது பட்டினி கிடந்து சாகவா அண்ணாச்சி? ஊத்துங்க."