சேற்றுக்குள் ஒட்டிக் கிடப்பவை

"மேடம், கீழே போனது எதுவும் மேலே வருமா?"

ரொசாரியோ இதைக் கேட்டபோது ஆராய்ச்சிக் கப்பல் மன்னார் வளைகுடாவைத் தாண்டி ஆழக்கடலில் நின்றிருந்தது. காலையிலிருந்து வானம் மூடிக் கிடந்தது. மழையும் வரவில்லை, வெயிலும் வரவில்லை.

"வரும்," என்றார் உமையாள். "மீத்தேனா வரும்."

"ஆளா?"

உமையாள் கையுறையை மாட்டிக்கொண்டு மேல்தளத்துக்குப் போய்விட்டார்.

ரொசாரியோவுக்கு அவரைவிடப் பத்து வயது கூட. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவர். தலை நரைத்த பிறகு, கடலடிச் சேற்றில் கார்பன் என்னவாகிறது என்று ஆராயப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்து, உமையாளிடம் மாணவராகச் சேர்ந்தார்.

இந்த வயதில் ஏன் என்று எல்லோரும் கேட்டார்கள். உமையாள் கேட்கவில்லை. கேட்காமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

ரொசாரியோவின் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி. தம்பி சவேரியான் அங்கிருந்து விசைப்படகில் போனவன். புயலில் படகு கவிழ்ந்தது. கூடப் போனவர்களில் சிலர் உயிரோடு கரை சேர்ந்தார்கள். சிலர் பிணமாக ஒதுங்கினார்கள். சவேரியான் இரண்டு விதமாகவும் வரவில்லை.

மூன்று வருஷம் ஆகிவிட்டது.

உடல் கிடைக்காவிட்டால் என்ன, பூசை வைத்து அடக்கச் சடங்கை முடித்துவிடலாம் என்று மாதாகோயில் பங்குச்சாமியார் சொன்னார். சவேரியானின் மனைவி பெனிட்டா தலையாட்டினாள். ரொசாரியோதான் ஒத்துக்கொள்ளவில்லை.

"உடம்பு இல்லாம என்ன அடக்கம்? யாரும் அழக் கூடாது. நான் கண்டுபிடிச்சுத் தாரேன்."

மூத்தவர் பேச்சை மீறி அந்தக் குடும்பத்தில் ஒன்றும் நடக்காது. பெனிட்டா அழுகையை விழுங்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அடுத்தடுத்த வீடுதான். ஆனாலும் அதற்குப் பிறகு இரண்டு பேரும் சவேரியானின் பேரை எடுக்கவே இல்லை.

கடலடியில் இறக்கிய இரும்புக் குழாய் மத்தியானம் மேலே வந்தது. உள்ளே 'கோர்' என்கிற சேற்றுத் தண்டு, ஆள் உயரத்துக்கு மேல். அதை நீளவாக்கில் பிளந்து மேசைமீது கிடத்தினார்கள்.

மேல்பக்கம் தவிட்டு நிறம். அடுத்தது கறுப்பு, அழுகின முட்டை வாடை. அதற்கும் கீழே சாம்பல் நிறச் சேறு. அது மெல்லப் பொரிந்துகொண்டிருந்தது. ஆழத்தில் நெரிபட்டுக் கிடந்த வாயு, நெரிப்பவர் கை விலகியதும் வெளியேறுகிற சத்தம்.

இதெல்லாம் ரொசாரியோ படித்ததுதான். மீன், பாசி, ஆறு அடித்துக்கொண்டு வந்த இலை தழை, கடலில் செத்தது எதுவானாலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். சேறு மூடும். காற்றில்லாத இடத்தில் கிடந்து மக்கி மீத்தேனாகும். பாடமாக நடத்தச் சொன்னால் மணிக்கணக்கில் நடத்துவார்.

ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் கையுறையைக் கழற்றினார். வெறுங்கையைச் சேற்றுக்குள் விட்டார்.

"சார், என்ன பண்றீங்க? அளக்கவே இல்ல இன்னும்," என்றான் பக்கத்தில் நின்ற ஒருவன்.

ரொசாரியோ காதில் வாங்கவில்லை. முழங்கைவரை விட்டுத் துழாவினார். தவிடும் கறுப்பும் சாம்பலும் ஒன்றாகக் குழம்பின. விரலில் கெட்டியாக ஏதோ தட்டியது. பிடித்து இழுத்தார். சட்டை முனையால் துடைத்தார்.

வெளிறிப்போன ஒரு கல்.

"எலும்புன்னு நினைச்சேன்," என்றார்.



"இந்தக் கோர் போச்சு," என்றார் உமையாள் மற்றவர்களிடம். "அடுத்த இடத்துல எடுத்துக்கலாம். நீங்கெல்லாம் போய்ச் சாப்பிடுங்க."

எல்லோரும் போனபிறகு ஈரத்துணி கொண்டுவந்து அவரே ரொசாரியோவின் கைகளைத் துடைத்துவிட்டார். நகக்கண்ணில் ஏறின சேறு மட்டும் போகவில்லை.

"இந்தக் கல்லு எப்படி உண்டாச்சு, சொல்லுங்க சார்."

"பரீட்சையா மேடம்?"

"ஆமா."

ரொசாரியோ கல்லைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கீழேயிருந்து மீத்தேன் ஏறி வருது. நடுவுல இருக்கிற நுண்ணுயிர்கள் அதைத் தின்னுருது. தின்னது போக வெளியே விடுற கார்பன், தண்ணியில உள்ள சுண்ணாம்போட சேர்ந்து இறுகிக் கல்லாகுது."

"எல்லா மீத்தேனையும் தின்னுருமா?"

"பெரும்பாலும். தப்பிச்சு மேலே வர்றது கொஞ்சம்தான்."

"தின்ன ஆள் இல்லன்னா?"

"அவ்வளவும் மேலே வந்துரும்."

"வாங்க," என்றார் உமையாள்.

ஆய்வறையில் நுண்ணோக்கி இருந்தது. இதற்கு முன் நின்ற இடத்தில் எடுத்த சேற்றுக்குச் சாயம் ஏற்றி, கண்ணாடித் துண்டில் தயாராக வைத்திருந்தார்கள். ரொசாரியோ குனிந்து பார்த்தார். கும்மிருட்டு. அதில் பொட்டுப் பொட்டாக வெளிச்சம்.

"என்ன தெரியுது?"

"நடுவுல சிவப்பா ஒரு கொத்து. அதைச் சுத்திப் பச்சை."

"சிவப்பு எது?"

"மீத்தேனைத் திங்கிறது."

"பச்சை?"

"அது சல்ஃபேட்ட வச்சு மூச்சு விடுறது. தின்ன பிறகு சிவப்பு தள்ளிவிடுறதை இது வாங்கிக்கும்."

"வாங்கலன்னா?"

"சிவப்பால அடுத்த வாய் திங்க முடியாது."

"பச்சை என்னாகும்?"

"அதுவும் பட்டினிதான்."

"ரெண்டும் ஒரே இனமா?"

"இல்ல மேடம். கிட்டத்து உறவுகூட இல்ல."

"அப்புறம் ஏன் இப்படி ஒட்டிக்கிட்டுக் கிடக்கு?"

ரொசாரியோ வாயைத் திறந்தார். விடை நாக்கு நுனியில் இருந்தது. சொல்லவில்லை. நுண்ணோக்கியிலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. கண்ணாடி மங்கிப்போய், சிவப்பும் பச்சையும் கலங்கின.

உமையாள் கேட்டார்.

"பெனிட்டா எப்படி இருக்காங்க, சார்?"

ரொசாரியோ நிமிர்ந்தார். நன்றாக இருக்கிறாள் என்று சொல்ல வந்தவர் அப்படியே நின்றுவிட்டார். தூங்குகிறாளா, சாப்பிடுகிறாளா, யாரிடமாவது பேசுகிறாளா, ஒன்றும் அவருக்குத் தெரியவில்லை. மூன்று வருஷமாக அவர் கடலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தெரியல மேடம்."

உமையாள் கப்பலின் சாட்டிலைட் போனை எடுத்து அவர் முன்னால் வைத்தார். கதவைச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

ரொசாரியோ ஊர் எண்ணை அழுத்தினார். 

"யாரு?"

"நான்தான்."

"அத்தானா? கடல்லயா இருக்கிய?" என்றாள் பெனிட்டா. "கிடைச்சிட்டாவளா?"

"இல்லம்மா."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"கிடைக்க மாட்டான்."

 வானத்துக்குப் போய்த் திரும்புகிற இரைச்சல் மட்டும் கேட்டது. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தார்.

"பெனிட்டா."

"இருக்கேன்."

"நான் ஊருக்கு வந்ததும் சாமியாரப் பாத்து பூசைக்குச் சொல்லிருவோம். ரெண்டு பேருமாப் போவோம்."

 பெனிட்டா அழுதாள். அடிவயிற்றிலிருந்து, நின்று நின்று, ஏறி வந்த அழுகை. ரொசாரியோ அவளை அடக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திப் பிடித்தபடி அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். தன் குரலும் அதில் கலந்துவிட்டது அவருக்குச் சற்றுப் பிந்தித்தான் தெரிந்தது.

ஓய்ந்தபிறகு அவர் கேட்டார். இத்தனை நாளில் ஒருதரம்கூட அவளிடம் கேட்காத கேள்வி.

"அன்னைக்குப் புறப்படும்போது தம்பி என்ன சொல்லிட்டுப் போனான்?"

பெனிட்டா மூக்கை உறிஞ்சினாள்.

"கொழம்புல உப்பு கூடிப்போச்சுன்னாவ."