ஞானப்பூ அணிலின் பலகாரத் தட்டு

இலுப்பைக் காட்டில் ஞானப்பூ என்றோர் அணில் இருந்தது. டிசம்பர் பிறந்துவிட்டால் அதற்குத் தூக்கம் கிடையாது. பக்கத்துக் கிளையில் இருப்பவர்களுக்கும் கிடையாது. விடிந்தால் இடிக்கும், அரைக்கும், பொரிக்கும்.

காட்டில் ஏது கிறிஸ்துமஸ் என்று கேட்காதீர்கள். தொழுவத்தில் பிறந்த அந்தக் குழந்தையை முதலில் பார்த்தது மாடும் ஆடும்தானே? மனிதர்கள் சேதி தெரிந்து பிறகுதான் வந்தார்கள். ஆகவே பண்டிகை தங்களுடையது என்பது விலங்குகளின் கட்சி. நியாயமான கட்சிதான்.

ஞானப்பூவின் பலகாரத்துக்குக் காடு முழுக்கப் பெயர். முறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து எல்லாவற்றையும் ஓலைத் தட்டில் அடுக்கும். மேலே ஒரு செம்பருத்திப் பூவை வைத்து, பண்டிகைக்கு முந்தின நாள் வீடு வீடாக அனுப்பும். எலி வளை, மைனாப் பொந்து, முள்ளம்பன்றிக் குகை, எதுவும் விட்டுப்போகாது. தட்டைத் தூக்கிப் போவது சவரி என்ற காகம்.

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் இருந்தது. வந்த தட்டை வெறுமனே திருப்பி அனுப்பக் கூடாது. பழமோ தானியமோ, வீட்டில் இருப்பதில் கொஞ்சம் வைத்துத்தான் அனுப்ப வேண்டும். போன வருஷம் மைனா வெறும் தட்டை நீட்டிவிட்டது. சவரிக்கு அது போதாதா? பொங்கல் வரைக்கும் மரத்துக்கு மரம் சொல்லிச் சிரித்தது. மைனா வெளியே தலைகாட்டவே கூசியது. ஞானப்பூவும் சேர்ந்து சிரித்ததாகத்தான் கேள்வி.

இந்த வருஷம் மழை பொய்த்துவிட்டது. புல் விதை பிடிக்கவில்லை. பல வீடுகளில் அரை வயிறுதான். ஞானப்பூவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. படுவதற்கு எங்கேயாவது ஒரு நிமிஷம் உட்கார வேண்டுமே! தான் உட்கார்ந்தால் காடே நின்றுவிடும் என்பது அதன் எண்ணம்.

பண்டிகைக்கு மூன்று நாள் இருந்தது. ஞானப்பூ எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்று வேர்த்துக்கொண்டிருந்தபோது ஒரு காடை தயங்கித் தயங்கி வந்தது. காரைப் புதருக்கடியில் குடியிருக்கும் அதன் பெயர் பாக்கியம். பெயரில் மட்டும்தான் பாக்கியம். அதன் புருஷன் ஐப்பசியில் வேடன் வைத்த கண்ணியில் மாட்டிக்கொண்டது. மிஞ்சியது ஒரே ஒரு குஞ்சு.

“அக்கா, ஒரு ஒத்தாசை வேணும்.”

“சொல்லு, சொல்லு. கைதான் சும்மா இல்ல, காது சும்மாதான் இருக்கு.”

“புள்ளைக்குக் கால்ல முள்ளு தச்சு சீழ் வச்சிருக்கு. ஓட முடியல. ஒரு சாரைப்பாம்பு புதரையே சுத்திச் சுத்தி வருது. நாலு நாளா நான் கண்ணே மூடல. ஒரு மத்தியானம் நீங்க வந்து பக்கத்துல உக்காந்தா, கொஞ்சம் தூங்கிக்குவேன். நீங்க ஒரு குரல் குடுத்தா போதும், பாம்பு ஓடிரும்.”

அது உண்மைதான். பாம்பைக் கண்டு அணில் கத்தினால் குருவியும் தவிட்டுக் குருவியும் சேர்ந்துகொள்ளும், கீரிக்குச் சேதி போய்விடும். சாரைக்கு அந்தச் சத்தம் ஆகவே ஆகாது.

“இரை தேட வெளிய போவியே, அப்ப என்ன செய்யற?” என்று ஞானப்பூ சட்டியைப் பார்த்தபடியே கேட்டது.

“போகல அக்கா. புள்ளைக்குன்னு ஒரு கைப்பிடி கம்பு வச்சிருக்கேன். அதை ஊறப் போட்டு ஊட்டிக்கிட்டு இருக்கேன். கால் ஆறுற வரைக்கும் தாங்கும். தூக்கம்தான் அக்கா தாங்கல.”

ஞானப்பூவுக்கு இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் முறுக்கு சிவந்துகொண்டிருந்தது. அதிரச மாவு வேறு காத்துக் கிடந்தது.

“இப்பவா கேக்கற? மூச்சு விட நேரமில்லாம நிக்கேன் பாரு. பண்டிகை முடியட்டும், மறு நிமிஷம் வந்து உக்காருதேன். உன் வீட்டுக்குத்தான் முதல் தட்டு, சரியா?”

“தட்டு வேண்டாம் அக்கா. நீங்க வந்தா போதும்.”

“தட்டு வேண்டாமா! நல்லா இருக்கே. ஒரு வீட்டை விட்டுட்டா என்னைப் பத்தி என்ன பேசுவாங்க?”

காடை இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது. ஞானப்பூ திரும்பவில்லை. அடுப்புப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு அது போய்விட்டது.

பண்டிகைக்கு முந்தின நாள் சவரி றெக்கை ஓயப் பறந்தது. போன தட்டெல்லாம் நெல்லிக்காயும் இலந்தை வடையும் கருப்பட்டித் துண்டுமாகத் திரும்பி வந்தன. ஞானப்பூ ஒவ்வொன்றையும் எட்டிப் பார்த்து ஒரு மூலையில் கொட்டியது.

“காடை வீட்டுத் தட்டு, மதினி” என்றது சவரி.

தட்டின் நடுவில் ஒரு கைப்பிடி கம்பு இருந்தது.

“கம்பா? இதை நம்ம வீட்டுல யாரு திங்கப் போறா? நீயே கொத்திக்கோ.”

சவரி இரண்டே கொத்தில் காலி செய்துவிட்டது.

“பலகாரத்தைப் பாத்து அவ என்ன சொன்னா?”

“ஒண்ணும் சொல்லல. றெக்கையெல்லாம் நடுங்கிச்சு. உள்ள போய்ட்டு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் தட்டோட வெளிய வந்தா. உங்க அதிரசத்தைப் பாத்து அசந்துட்டா போல.”

ஞானப்பூவுக்கு மனசு குளிர்ந்தது. கம்பு என்ற சொல் முன்பு எங்கே காதில் விழுந்தது என்று அது யோசிக்கவில்லை. அடுத்த தட்டு காத்திருந்தது.

கிறிஸ்துமஸ் காலையில் ஆலமரத்தடியில் எல்லோரும் கூடினார்கள். பாட்டும் ஜெபமும் அமர்க்களப்பட்டன. காடை வரவில்லை. தூங்கியிருக்கும், நல்லதுதான் என்று ஞானப்பூ நினைத்துக்கொண்டது.

மத்தியானம் சந்தடி அடங்கியதும் கொடுத்த வாக்கு அதற்கு நினைவு வந்தது. மிச்சமிருந்த அதிரசத்தில் இரண்டை இலையில் மடித்துக்கொண்டு காரைப் புதருக்குக் கிளம்பியது. இத்தனை வேலைக்கு நடுவிலும் சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேறு யார் வருவார்கள் என்று வழியெல்லாம் ஒரு பெருமை.

“பாக்கியம், வந்துட்டேன் பாரு. நீ போய்ப் படு. புள்ளைய நான் பாத்துக்கறேன்.”

காடை புதருக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. முறுக்கும் அதிரசமும் எறும்பு மொய்த்துக் கிடந்தன. குஞ்சைக் காணவில்லை.

“புள்ள எங்க?”

“காலைல பசின்னு அழுதுச்சு அக்கா. முறுக்கைக் கொத்திப் பாத்துச்சு, அலகுதான் வலிச்சுது. அதிரசம் குடுத்தேன், வாந்தி எடுத்துருச்சு. ரெண்டு புல்லரிசியாவது பொறுக்கிட்டு வருவோம்னு ஓடைக்கரை வரைக்கும் போனேன். திரும்பி வரதுக்குள்ள…”

காடை மண்ணைக் காட்டியது. புதரிலிருந்து புற்று வரைக்கும் மண்ணில் பாம்பு ஊர்ந்த தடம் இருந்தது.

ஞானப்பூ அந்தத் தடத்தைப் பார்த்தது. “வெளிய போக வேண்டாம், கம்பு இருக்குன்னு சொன்னியே?”

“அதைத்தானே அக்கா தட்டுல வச்சு அனுப்பினேன்.”

“அதை ஏன் அனுப்பின? யாரு கேட்டா?”

“வேற எதை வைக்க? நீங்க அவ்வளவு குடுத்து விட்டுருக்கீங்க. வெறும் தட்டை நீட்டினா மைனாவைச் சொன்ன மாதிரி என்னையும் சொல்லுவாங்க.”

அந்தக் கம்பு சவரியின் வயிற்றுக்குள் போய் ஒரு நாள் ஆகிவிட்டது. அதை மறைத்துவிட்டு ஞானப்பூ தன் நியாயத்தைப் பேசியது.

“நான் வேணும்னா செஞ்சேன்? எனக்கு எவ்வளவு வேலைன்னு உனக்குத் தெரியாதா?”

“தெரியும் அக்கா. உங்களைக் குத்தம் சொல்லல. இவ்வளவு தூரம் வந்துருக்கீங்க, உக்காருங்க.”

வைதிருந்தால்கூட அணில் தாங்கியிருக்கும். அந்த ‘உக்காருங்க’தான் சுட்டது. ஆனாலும் அது உட்கார்ந்தது. மாதம் பிறந்ததிலிருந்து அன்றைக்குத்தான் முதல் முறையாக உட்கார்ந்தது. காவல் காக்கத்தான் அங்கே எதுவும் இல்லை.

“இப்பவாவது கொஞ்சம் தூங்கேன், பாக்கியம்.”

“இனிமே தூங்க எவ்வளவோ நேரம் இருக்கு. தூக்கம்தான் வரல.”

அப்போது சவரி மூச்சிரைக்க வந்து புதர்மேல் உட்கார்ந்தது. “மதினி, இங்கயா இருக்கீங்க? ஆலமரத்தடியில எல்லாரும் உங்களைத் தேடுறாங்க. மாலை போடப் போறாங்களாம்!”

ஞானப்பூ காடையைப் பார்த்தது.

“போய்ட்டு வாங்க அக்கா” என்றது காடை.

போகாமல் இருந்திருக்கலாமே என்பீர்கள். அந்தக் காலிக் கூட்டின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைவிட ஓடுவது சுலபம். ஓடித்தான் அதற்குப் பழக்கம். எனவே அது எழுந்து ஓடியது.

ஆலமரத்தடியில் காட்டுக்குப் பெரியவரான யாக்கோபு எருமை தொண்டையைச் செருமிக்கொண்டு பேசியது. “நம்ம காட்டில் ஒரு வீடுகூடப் பசியோடு பண்டிகை கொண்டாடவில்லை. எந்த வீட்டுக் கண்ணீரும் மண்ணில் விழவில்லை. எல்லாம் ஞானப்பூவின் தாராள மனசு. அதற்கு நாம் நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.”

கூட்டம் ஆரவாரம் செய்தது. எல்லோருடைய கண்களும் ஞானப்பூவின் மேலேயே இருந்தன. அந்த நேரத்தில் அது வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ‘இல்லை, காடை வீட்டில் ஒரு குஞ்சு போய்விட்டது, அதற்குக் காரணம் என் தட்டுதான்’ என்று சொல்லியிருந்தால், அந்தப் பொல்லாத வழக்கமாவது அன்றோடு ஒழிந்திருக்கும். மாலை கழுத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. ஞானப்பூ சொல்லவில்லை. தலையைக் குனிந்து மாலையை வாங்கிக்கொண்டது. எவ்வளவு பணிவு பாருங்கள் என்று காடே மெச்சியது.

இல்லாதவர் கேட்கும் சிறு உதவிக்கு நேரமில்லை என்று சொல்லிவிட்டு, நம் பெயருக்காக அவர் கேட்காததை அள்ளிக் கொடுப்பது ஈகை ஆகாது, அது அவரிடம் இருப்பதையும் பிடுங்கிக்கொள்ளும்.